சென்னை – லண்டன்: டிக்கெட்டில் ஆறு மணி நேரம், பயணத்தில் பத்தரை மணி நேரம்

வாசகர் கேள்வி – பதில்

சென்னையிலிருந்து லண்டனுக்கான விமானப் பயணத்தைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த முறை ஒன்றாகப் பதில் தருகிறோம். தூரங்கள் எல்லாம் மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து ஹீத்ரோ வரைக்குமான கணக்கு.

கே: மகன் எடுத்து அனுப்பிய ஜூலை மாத டிக்கெட்டில் சென்னைப் புறப்பாடு காலை 5.35, லண்டன் வருகை அன்றே காலை 11.45 என்று இருக்கிறது. ஆறு மணி பத்து நிமிடத்தில் போய்விடலாமா? டிராவல்ஸ்காரர் பதினோரு மணி நேரம் உட்கார வேண்டும் என்கிறார்.
– வாசகி, கும்பகோணம்

ப: டிராவல்ஸ்காரர் சொன்னதுதான் சரி. டிக்கெட்டில் அச்சாகும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி. 5.35 இந்திய நேரம், 11.45 லண்டன் நேரம். கழித்துப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

ஜூலையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கும். நீங்கள் இங்கே 5.35-க்குக் கிளம்பும்போது அங்கே நள்ளிரவு தாண்டி 1.05. அதிலிருந்து 11.45 வரை எண்ணினால் 10 மணி 40 நிமிடம். அதுதான் பயண நேரம்.

குளிர்காலத்தில் வித்தியாசம் ஐந்தரை மணி நேரமாகிவிடும். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பின்னே இழுத்துவிடுவார்கள். 2026-இல் அந்த நாட்கள் மார்ச் 29, அக்டோபர் 25. விமான நிறுவனங்களின் கோடைக்கால, குளிர்கால அட்டவணைகளும் அதே ஞாயிறுகளில்தான் மாறுகின்றன. அக்டோபர் 20-ஆம் தேதி போன உறவினர் சொன்ன நேரத்தை நம்பி 28-ஆம் தேதிக்கு வண்டி ஏற்பாடு செய்தால் கணக்கு பிசகும். ஒவ்வொரு பயணத்துக்கும் உங்கள் கையில் இருக்கிற டிக்கெட்டை மட்டும் பாருங்கள்.

திரும்பி வரும்போது நேரத்தைவிடத் தேதியில்தான் தவறு நடக்கிறது. லண்டனில் 24-ஆம் தேதி பகல் 1.30-க்கு ஏறினால், சுமார் பத்து மணி நேரம் பறந்து சென்னையில் 25-ஆம் தேதி அதிகாலை 4 மணிக்கு இறங்குவீர்கள். வருகை நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் +1 என்று போட்டிருப்பார்கள். மறுநாள் என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் 24-ஆம் தேதி விடியற்காலைக்கு வண்டி சொல்லிவிட்டு, டிரைவர் வந்து திரும்பிப் போன பிறகு தவித்து நிற்பவர்கள் உண்டு. வண்டிக்காரரிடம் “24 ராத்திரி விடிஞ்சா 25” என்று இரண்டு தேதியையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கே: சென்னைக்கும் லண்டனுக்கும் எவ்வளவு தூரம் என்று தேடினால் ஓரிடத்தில் 8,235, இன்னோரிடத்தில் 5,117, வேறோரிடத்தில் 4,444 என்று வருகிறது. எது சரி? நாமே கணக்குப் போட முடியுமா?
– பிளஸ் டூ மாணவர், திருநெல்வேலி

ப: மூன்றும் சரி. முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது நாம் சாதாரணமாகச் சொல்லும் மைல் (1.609 கி.மீ.), மூன்றாவது விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல் (1.852 கி.மீ.).

கணக்குப் போட இரண்டு வழி சொல்கிறோம். முதல் வழிக்கு உங்கள் பள்ளியில் இருக்கும் உலக உருண்டையும் ஒரு நூலும் போதும். உருண்டையின் விட்டம் 30 சென்டிமீட்டர் என்றால், அதன் மேல் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 425 கி.மீ. நூலின் ஒரு முனையைச் சென்னையில் அழுத்திப் பிடித்து, மறுமுனையை லண்டன் வரை கொண்டுபோய் விறைப்பாக இழுங்கள். நூல் தானாகவே ஒரு பாதையில் படியும். அதுதான் மிகக் குறுகிய பாதை. அளந்தால் 19.4 சென்டிமீட்டர் வரும். 425-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 8,245. அரை மில்லிமீட்டர் தவறினால் இருபது கிலோமீட்டர் தவறும், அவ்வளவுதான். நூல் தொய்வாக இருந்தால்தான் கணக்கு பெரிதாகக் கெடும்.

நூலை எடுக்காமல் அது எந்தெந்த இடத்தின் மேல் படிந்திருக்கிறது என்று பாருங்கள். மும்பைக்குக் கொஞ்சம் வடகிழக்கே மகாராஷ்டிரம், பிறகு கட்ச் பாலைவெளி, பலுசிஸ்தான், கிழக்கு ஈரான். சரிபாதித் தூரத்தில், பாகு நகருக்குத் தெற்கே, காஸ்பியன் கடல். அதற்கப்புறம் காகசஸ் மலைகள், அசோவ் கடல், உக்ரைன், கடைசியாக ஜெர்மனி. இந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு கேள்விக்குத் தேவைப்படும்.

இரண்டாவது வழி கால்குலேட்டர். சென்னை விமான நிலையம் வடக்கு அட்சம் 12.99, கிழக்குத் தீர்க்கம் 80.17. ஹீத்ரோ வடக்கு 51.47, மேற்கு 0.46. ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு என்பதால் தீர்க்கங்களைக் கூட்ட வேண்டும்: 80.63. இப்போது சைன் 12.99-ஐ சைன் 51.47-ஆல் பெருக்குங்கள்: 0.1758. அடுத்து காஸ் 12.99, காஸ் 51.47, காஸ் 80.63 மூன்றையும் பெருக்குங்கள்: 0.0988. இரண்டையும் கூட்டினால் 0.2746. இந்த எண்ணுக்குரிய தலைகீழ் காஸ் 74.06 பாகை. பூமியில் ஒரு பாகைக்கு 111.2 கி.மீ., ஆகவே 8,235 கி.மீ. அதே 74.06-ஐ 60-ஆல் பெருக்கினால் கடல் மைல் வந்துவிடும், ஏனென்றால் ஒரு பாகைக்கு அறுபது கடல் மைல். விடை தாறுமாறாக வந்தால் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது, டிகிரிக்கு மாற்றுங்கள். தீர்க்கங்களைக் கூட்டாமல் கழித்துவிடுவது இன்னொரு வழக்கமான தவறு. லண்டன் விஷயத்தில் அரைப் பாகை என்பதால் வெளியே தெரியாது, நியூயார்க்குக்குப் போட்டுப் பாருங்கள், விடை எங்கோ போய்விடும்.

கே: இருக்கைத் திரையில் விமானம் வடக்கே வளைந்து போவதாகக் காட்டுகிறதே, நேராகப் போனால் சீக்கிரம் போகாதா?
– வாசகர், ஈரோடு

ப: வளைவு படத்தில்தான். ஆரஞ்சுப் பழத் தோலைத் தட்டையாக விரிப்பது போல உருண்டையைத் தாளில் விரிக்கும்போது வடக்குப் பக்கம் இழுபட்டுப் பெரிதாகிவிடுகிறது. சுவரில் மாட்டும் தட்டைப் படத்தில் ஸ்கேலை வைத்து நேர்கோடு போட்டு, அதன்படியே பறந்தால் 8,480 கி.மீ. ஆகும். கிட்டத்தட்ட 245 கி.மீ. கூடுதல்.

கே: பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அப்படியானால் மேற்கே போகும் விமானத்தை நோக்கி லண்டனே வந்துகொண்டிருக்க வேண்டும். போகும்போது சீக்கிரமும் வரும்போது தாமதமும்தானே ஆக வேண்டும்? தலைகீழாக அல்லவா இருக்கிறது!
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

ப: நல்ல கேள்வி. பூமி சுழலும்போது அதைச் சுற்றியுள்ள காற்றும் சேர்ந்தே சுழல்கிறது. சென்னை இருக்கும் அட்சத்தில் தரை மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே நகர்கிறது. காற்று மட்டும் நின்றிருந்தால் மெரினாவில் எந்நேரமும் அந்த வேகத்தில் சூறாவளி அடிக்க வேண்டும். ஓடும் ரயில் பெட்டிக்குள் ஒரு ஈ பறப்பதைப் போலத்தான் விமானமும். பெட்டியின் வேகம் ஈக்குக் கணக்கே இல்லை.

வித்தியாசத்துக்குக் காரணம் காற்றோட்டம். சுமார் 30 பாகை வடக்கிலிருந்து மேலே, விமானங்கள் பறக்கும் 10, 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் காற்று ஆறுகள் ஓடுகின்றன. மணிக்கு 150, 200 கி.மீ. சாதாரணம், குளிர்காலத்தில் 300-ஐத் தாண்டுவதும் உண்டு. லண்டன் போகும்போது அது எதிர்க்காற்று, வரும்போது முதுகில் தள்ளும் காற்று.

கணக்கு இப்படி. காற்றில்லாத வானத்தில் பெரிய விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வழி முழுவதும் சராசரியாக 50 கி.மீ. எதிர்க்காற்று என்று வைத்துக்கொண்டால், தரையைப் பொறுத்த வேகம் 850; 8,235 கி.மீ. கடக்க 9 மணி 41 நிமிடம். திரும்பும்போது வேகம் 950. 8 மணி 40 நிமிடம். ஒரு மணி நேர வித்தியாசம் வந்துவிட்டது. போகும்போது இழந்ததைத் திரும்பும்போது முழுதாக மீட்க முடியாது என்பதையும் கவனியுங்கள்: காற்று 100 கி.மீ. என்றால் போக 10 மணி 18 நிமிடம், வர 8 மணி 14 நிமிடம், மொத்தம் 18 மணி 32 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 18 மணி 18 நிமிடம். மெதுவாகப் போகும்போது காற்றுக்குள் அதிக நேரம் இருக்கிறோம், அதனால் வரும் நஷ்டம்.

தென்னிந்தியாவுக்கென்று இதில் ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, நம் தலைக்கு மேலே உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசும். கீழை ஜெட் காற்று என்பார்கள். இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோட்டீஸ்வரம் 1950-களில் இதை விளக்கி எழுதினார். அந்த மாதங்களில் லண்டன் விமானத்துக்குச் சென்னையிலிருந்து கிளம்பிய முதல் ஒன்றிரண்டு மணி நேரம் காற்று சாதகமாகவே இருக்கும். வடக்கே போன பிறகுதான் எதிர்க்காற்று.

அடுத்த முறை போகும்போது திரையில் உயரத்தையும் பாருங்கள். மேற்கே போகிற விமானங்கள் பெரும்பாலும் 34,000, 36,000, 38,000 அடி என இரட்டைப்படை ஆயிரங்களிலும், கிழக்கே வருகிறவை 35,000, 37,000, 39,000 என ஒற்றைப்படையிலும் பறக்கும். எதிரெதிரே வரும் விமானங்களுக்கு இடையில் ஆயிரம் அடி இடைவெளி இருக்கும்படி வகுத்த ஏற்பாடு இது.

கே: டிக்கெட்டில் 10 மணி 40 நிமிடம். ஆனால் விமானி ஒலிபெருக்கியில் “பறக்கும் நேரம் 9 மணி 50 நிமிடம்” என்றார். முன்கூட்டியே போய்விடுவோம் என்று நினைத்தேன். போய்ச் சேர்ந்ததோ சரியான நேரத்துக்குத்தான். ஏன்?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: இரண்டும் வேறு வேறு நேரம். டிக்கெட்டில் இருப்பது, சென்னையில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை எடுத்து விமானத்தைப் பின்னே தள்ளியதிலிருந்து ஹீத்ரோவில் நின்று மறுபடி முட்டுக்கட்டை வைக்கும் வரை. விமானி சொன்னது, ஓடுபாதையை விட்டு எழும்பியதிலிருந்து தரையைத் தொடும் வரை.

இடையில் உள்ளதைக் கூட்டிப் பாருங்கள். சென்னையில் ஊர்ந்து போய் ஓடுபாதை முனையில் காத்திருக்க 15, 20 நிமிடம். ஹீத்ரோவில் இறங்கிய பிறகு டெர்மினல் வரை ஊர்ந்து, நிற்க இடம் காலியாகும் வரை காத்திருக்க 10, 15 நிமிடம். மிச்சம் இருக்கும் நிமிடங்கள் வட்டமடிப்பதற்காக ஒதுக்கியவை. ஹீத்ரோவுக்கு ஓடுபாதை இரண்டே இரண்டு. வழக்கமாக ஒன்று இறங்க, ஒன்று ஏற. அதனால் வரும் விமானங்களை நான்கு இடங்களில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிச் சுற்ற விடுவார்கள்: பாவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிக்கின். கிழக்கிலிருந்து போகிறவர்களுக்கு லாம்போர்னோ பிக்கினோ வாய்க்கும். ஒரு சுற்றுக்கு நான்கைந்து நிமிடம். ஜன்னல் வழியே அதே ஏரி மூன்றாம் முறை தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை, வரிசையில் நிற்கிறீர்கள்.

கே: ஐந்து வருடம் முன்பு போனபோது இவ்வளவு நேரம் ஆகவில்லை. விமானங்கள் மெதுவாகிவிட்டனவா?
– வாசகி, சேலம்

ப: விமானங்களின் வேகம் மாறவில்லை, வழிதான் மாறிவிட்டது. மேலே நூல் படிந்த இடங்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடியிருக்கிறது. ரஷ்ய வான்வெளி பிரிட்டிஷ், ஐரோப்பிய நிறுவனங்களுக்கு இல்லை. ஈரான் வான்வெளி 2025 ஜூனில் போரின்போது மூடப்பட்டது. பாகிஸ்தான் 2025 ஏப்ரல் 24-இல் இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. 2019-இலும் பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை மூடியிருந்தது. ஆகவே எந்த நாட்டு விமானத்தில் ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே வழி அமையும்.

இரண்டு மாற்று வழிகளை அளந்து பார்த்தோம். பாகிஸ்தான் மேல் பறக்க முடிந்த விமானம் காபூல், துர்க்மெனிஸ்தானின் துர்க்மென்பாஷி, ஜார்ஜியாவின் திபிலீசி, கருங்கடலைத் தாண்டி ருமேனியாவின் கான்ஸ்டான்சா என்று போனால் சுமார் 8,540 கி.மீ. ரஷ்யாவுக்கும் ஈரானுக்கும் நடுவே அஜர்பைஜான், ஜார்ஜியா வழியாக ஒடுக்கமான ஒரு சந்து. எல்லோரும் அதற்குள் புகுவதால் அங்கே நெரிசல். பாகிஸ்தானைத் தவிர்க்க வேண்டியவர்கள் அரபிக்கடலைக் கடந்து மஸ்கட், குவைத், பாக்தாத், அங்காரா என்று போனால் சுமார் 8,470 கி.மீ. நேர்த்தூரத்தைவிட முறையே 300-உம் 240-உம் கூடுதல். நேரத்தில் சுமார் இருபது நிமிடம்.

இதே கணக்கை டெல்லிக்குப் போட்டால் நாம் எவ்வளவு தப்பித்திருக்கிறோம் என்பது தெரியும். டெல்லி – லண்டன் நேர்த்தூரம் 6,730 கி.மீ. மஸ்கட் வழியாகச் சுற்றினால் 7,840-க்கு மேல். ஒரேயடியாக 1,100 கி.மீ. கூடுகிறது, ஒரு மணி நேரத்துக்கும் அதிகம். சென்னை தெற்கே இருப்பதால் வளைகுடா வழி நமக்கு ஏறக்குறைய நேர்வழிதான். ஆனால், வளைகுடாப் பக்கம் திடீரென்று பதற்றம் வந்தால் நம் வழிதான் முதலில் அடைபடும். பயணத்துக்கு முந்தைய நாளும் கிளம்பும் அன்றும் விமான நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.

கே: நேரடி விமானம் விலை அதிகம். துபாய், தோஹா, மும்பை, டெல்லி, சிங்கப்பூர் என்று பல வழி காட்டுகிறார்கள். எது நல்லது?
– வாசகர், மதுரை

ப: தூரத்தை வைத்துப் பார்த்தால் மும்பை கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது: 1,033-உம் 7,213-உம் சேர்த்து 8,246 கி.மீ., பதினோரு கிலோமீட்டர்தான் கூடுதல். துபாய் வழி 8,430, டெல்லி வழி 8,490, தோஹா வழி 8,530. சிங்கப்பூர் வழி 13,800. கிழக்கே 2,900 கி.மீ. போய்விட்டு, அதையும் தாண்டித் திரும்ப வேண்டும். டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் லண்டனுக்கு அந்த வழி வேண்டாம்.

முதல் நான்குக்கும் நடுவே 300 கி.மீ. கூட வித்தியாசம் இல்லை. உங்கள் நேரத்தை நிர்ணயிப்பது இடையில் காத்திருக்கும் நேரம்தான். அது இரண்டிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் இருக்கட்டும். ஒன்றேகால் மணி நேர இணைப்பை விற்பார்கள். முதல் விமானம் முக்கால் மணி நேரம் தாமதமானால் போச்சு. நீங்கள் ஓடிப் பிடித்தாலும் உங்கள் பெட்டி ஓடாது, மறுநாள்தான் வரும். மும்பை, டெல்லி வழியில் போகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: உள்நாட்டு விமானம் எந்த டெர்மினலில் இறங்குகிறது, லண்டன் விமானம் எந்த டெர்மினலில் ஏறுகிறது. மும்பையில் இரண்டு டெர்மினல்களுக்கும் இடையே ஊர்ச்சாலையில் பஸ்ஸிலோ டாக்சியிலோதான் போக வேண்டும். அப்படி மாறுவதாக இருந்தால் நாலு மணி நேரமே கொஞ்சம்தான்.

மிக முக்கியமானது, முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கிறதா என்பது. சென்னை – துபாய் ஒரு டிக்கெட், துபாய் – லண்டன் வேறு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டுவிட்டால் யாரும் பொறுப்பில்லை. புது டிக்கெட் உங்கள் செலவு. பெட்டியும் லண்டன் வரை போகாது. நடுவழியில் எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசா தேவைப்படலாம். சென்னையில் பெட்டியைப் போடும்போது கொடுக்கும் சீட்டில் எல்.எச்.ஆர். என்ற ஹீத்ரோ குறியீடு அச்சாகியிருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே பாருங்கள். இடைப்பட்ட ஊரின் குறியீடு மட்டும் இருந்தால் அங்கேயே கேளுங்கள்.

கே: கொழும்பிலிருந்து லண்டன் இன்னும் எவ்வளவு தூரம்?
– வாசகர், வவுனியா

ப: 8,715 கி.மீ. சென்னையைவிட 480 கி.மீ. அதிகம். பறக்க அரை மணி நேரம் கூடும். நேர வித்தியாசம் இந்தியாவுக்கு உள்ளதேதான்.

கே: விமானம் தாமதமானால் பணம் தருவார்களாமே? தூரத்தைப் பொறுத்து என்கிறார்கள், உண்மையா?
– வாசகி, திருச்சி

ப: உண்மை. பிரிட்டனில் யு.கே.261 என்ற விதி இருக்கிறது. பிரிட்டனிலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் இது பொருந்தும். சென்னையிலிருந்து பிரிட்டனுக்குப் போகும்போது பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் பொருந்தும். வளைகுடா நிறுவனத்தில் போகும்போது கிடையாது, அதே நிறுவனத்தில் லண்டனிலிருந்து திரும்பும்போது உண்டு.

தூரத்தை விமானம் சுற்றிப் போன வழியை வைத்து அளக்க மாட்டார்கள். நூல் பிடித்துப் பார்த்தோமே, அந்தக் குறுகிய பாதையின் தூரம்தான் கணக்கு. 3,500 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் சென்னை – லண்டன் உச்சப் பிரிவில் வருகிறது. போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல், நான்குக்குள் தாமதம் என்றால் ஆளுக்கு 260 பவுண்டு. நான்கு அல்லது அதற்கு மேல் என்றால் 520 பவுண்டு. கட்டணம் கொடுத்துத் தனி இருக்கை வாங்கிய குழந்தைக்கும் உண்டு.

போய்ச் சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரம் அல்ல, இறங்குவதற்குக் கதவைத் திறந்த நேரம். 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இது. தாமதம் 3 மணிக்கோ 4 மணிக்கோ ஒட்டி இருந்தால், கதவு திறக்கும் அந்த நிமிடத்தில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நேரம் அதிலேயே பதிவாகிவிடும். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

மோசமான வானிலை, வான்வெளி மூடல், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் இவற்றுக்குப் பணம் கிடையாது. ஆனால் சாப்பாடு, தேவைப்பட்டால் தங்குமிடம் தர வேண்டும். வழக்கமான இயந்திரக் கோளாறு நிறுவனத்தின் பொறுப்பு. முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் கேளுங்கள். இங்கிலாந்தில் ஆறு வருடம் வரை கேட்கலாம். பங்கு எடுத்துக்கொண்டு வாங்கித் தருகிறோம் என்று வரும் இடைத்தரகர்கள் தேவையே இல்லை. அந்தப் படிவத்தை நிரப்ப இருபது நிமிடம் போதும்.

கே: அம்மாவுக்கு 68 வயது, இன்சுலின் போடுகிறார். ஊசி நேரத்தை விமானத்தில் எப்படிக் கணக்கிடுவது?
– வாசகி, தஞ்சாவூர்

ப: மேற்கே போகிற அன்று அம்மாவின் ஒரு நாள் 24 மணி நேரம் அல்ல, கோடையில் 28½, குளிர்காலத்தில் 29½ மணி நேரம். திரும்புகிற அன்று நாள் அதே அளவு சுருங்கும். போகும்போது இரண்டு ஊசிக்கு இடையே இடைவெளி நீண்டு சர்க்கரை ஏறலாம். வரும்போது இரண்டு ஊசி நெருங்கி, சர்க்கரை அபாயமாக இறங்கலாம். வரும் பயணத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

எவ்வளவு யூனிட் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் போகும்போது டிக்கெட்டை எடுத்துப் போங்கள். ஒரு தாளில் இந்திய நேரம், லண்டன் நேரம் என இரண்டு பத்தி போட்டு, சாப்பாடு, ஊசி, மாத்திரை மூன்றையும் இந்திய நேரப்படி வரிசையாக எழுதி, எதை எப்போது மாற்றுவது என்று அவரையே குறித்துத் தரச் சொல்லுங்கள். விமானத்தில் இருக்கும் வரை அம்மாவின் கைக்கடிகாரம் இந்திய நேரத்திலேயே இருக்கட்டும், இறங்கிய பிறகு மாற்றலாம். கைப்பேசி இறங்கியதும் தானாக மாறிவிடும் என்பதால் அதில் வைத்த அலாரத்தை நம்ப வேண்டாம்.

இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. சரக்கு அறையில் குளிரில் உறைந்துவிட்டால் அது வேலை செய்யாது. பெட்டி தவறினால் மருந்தும் போய்விடும். பாதியாகப் பிரித்து, அம்மாவின் கைப்பையில் ஒரு பங்கு, உடன் வருபவரின் பையில் ஒரு பங்கு. மருந்துச் சீட்டும் மருத்துவர் கடிதமும் ஆங்கிலத்தில் கூடவே இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியைத் தட்டு மேசைக்கு வந்த பிறகே போட வேண்டும். வண்டி இரண்டு வரிசை தள்ளி நிற்கிறதே என்று போட்டுவிட்டால், அந்த நேரம் பார்த்து விமானம் குலுங்கத் தொடங்கி, பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். முக்கால் மணி நேரம் கூட ஆகலாம். சர்க்கரைக் கட்டி, பிஸ்கட் இரண்டும் இருக்கைப் பையிலேயே இருக்கட்டும், தலைக்கு மேலே உள்ள பெட்டியில் வேண்டாம்.

கே: அந்தக் காலத்தில் எவ்வளவு நாள் ஆகும்?
– வாசகர், நாகப்பட்டினம்

ப: கப்பலில் சூயஸ் கால்வாய் வழியாக ஏறக்குறைய மூன்று வாரம். 1932 அக்டோபர் 15-இல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். லண்டனிலிருந்து கராச்சி வரை பிரிட்டிஷ் விமானத்தில் வந்த தபாலை நம் ஊருக்கு நீட்டித்த சேவை அது. 1948 ஜூன் 8-இல் ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் ‘மலபார் பிரின்சஸ்’ பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் போனது.

கே: விழுப்புரத்தில் வீட்டைப் பூட்டியதிலிருந்து ஈஸ்ட் ஹாமில் மகள் வீட்டுக் கதவைத் தட்டும் வரை மொத்தம் எவ்வளவு நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்?
– வாசகர், விழுப்புரம்

ப: எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. காலை 5.35 விமானத்தையே எடுத்துக்கொள்வோம். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால், 2.35-க்கு, மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். செக்-இன் கவுன்ட்டரை வழக்கமாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு மூடிவிடுவார்கள், அதற்கப்புறம் கெஞ்சியும் பயனில்லை. விழுப்புரத்திலிருந்து ராத்திரி 11 மணிக்குக் கிளம்பினால் வழியில் ஒரு டயர் பஞ்சரானாலும் சமாளிக்கலாம்.

லண்டனில் 11.45-க்கு விமானம் நின்றால், இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தானியங்கிக் கேட் இல்லை, அதிகாரியிடம் வரிசையில்தான் போக வேண்டும். வேறு பெரிய விமானங்கள் சேர்ந்து இறங்கியிருந்தால் ஒரு மணி நேரம் நிற்க நேரிடும். பெட்டி எடுத்து வெளியே வர 1.15 ஆகட்டும். எலிசபெத் லைன் ரயிலில் ஏறி வைட்சேப்பலில் இறங்கி, டிஸ்ட்ரிக்ட் லைனில் ஈஸ்ட் ஹாம். காசு குறைவாகப் போக வேண்டுமென்றால் பிக்கடில்லி லைனில் ஹாமர்ஸ்மித் வரை போய், அதே பிளாட்பாரத்தின் மறுபக்கம் டிஸ்ட்ரிக்ட் லைன் மாறலாம்; பெட்டியைப் படியில் தூக்க வேண்டாம், ஆனால் நேரம் கூடும். நடந்து வீடு சேர மாலை 3 மணி. அது நமக்கு ராத்திரி 7.30.

ஆக மொத்தம் இருபதரை மணி நேரம். அதில் பாதிக்குச் சற்று அதிகம்தான் விமானத்தில். மகள் வீட்டில் அன்று மாலை விருந்தினர் யாரையும் வரச் சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லண்டன் நேரம் இரவு 9 மணி வரை எப்படியாவது விழித்திருங்கள். கொஞ்ச நேரம் வெளியே வெயிலில் நடந்தால் விழித்திருப்பது எளிது. 4 மணிக்குப் படுத்தீர்களானால் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள், அடுத்த மூன்று நாளும் அப்படியே போகும்.